அய்யா இன்னும் சொல்லவில்லை

ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு குடில். அங்கே ஒரு குரு, அவருக்கு ஒரு சீடர். இதில் ஒரு சிக்கல் உண்டு. குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம்.

முதல் தடவை வருகிறவர்கள் நரைத்த தாடியைப் பார்த்ததும் சீடர் காலில் விழுந்துவிடுவார்கள். அவர் பதறிப்போய்க் கத்தரிப் பாத்தியைக் காட்டுவார். அங்கே மடித்துக் கட்டிய வேட்டியோடு ஒருவர் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருப்பார். அவர்தான் குரு. பெயர் சிவக்கொழுந்து. எல்லோருக்கும் அய்யா.

சீடர் பெயர் வைத்தியலிங்கம். கல்லூரியில் காலமெல்லாம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். மனைவி போன பிறகு வீட்டில் இருப்புக்கொள்ளாமல் ஒருநாள் இங்கே வந்தார், தங்கிவிட்டார். அய்யா அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "புரொபசர்" என்பார். வயதுக்கு ஒரு மரியாதை, படிப்புக்கு ஒரு மரியாதை, இரண்டுக்கும் சேர்த்து ஒரே சொல்.

குடிலுக்கு வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வருவார்கள். அய்யாவுக்கு ஆங்கிலத்தில் 'தேங்க் யூ' மட்டும் தெரியும். ஆகவே மொழிபெயர்ப்பு புரொபசர் வேலை ஆயிற்று. வந்தவர் கேட்பதை அவர் தமிழில் அய்யாவுக்குச் சொல்வார். அய்யா கண்ணை மூடிக்கொள்வார். எவ்வளவு நேரம் என்று கணக்கில்லை. பிறகு கண்ணைத் திறந்து இரண்டு மூன்று சொல் சொல்வார். அதைப் புரொபசர் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். ஏற்பாடு இவ்வளவுதான்.

அந்த இடைவெளிதான் புரொபசருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வகுப்பில் நின்று பேசிப் பழகிய மனிதர். அய்யா கண்ணை மூடினால், இலை போட்டு உட்கார வைத்த விருந்தாளிக்குச் சோறு வராதது போல அவருக்குக் கூச்சமாக இருக்கும். எதிரே இருப்பவர் நெளிவார். இவர் அதைவிட நெளிவார்.

முதலில் அய்யா சொன்ன பிறகு ஒரு விளக்கம் சேர்த்தார். பிறகு விளக்கத்துக்கு ஒரு உதாரணம் சேர்த்தார். அப்புறம் அய்யா கண்ணை மூடியிருக்கும்போதே, "அய்யா இதற்கு என்ன சொல்வார் என்றால்..." என்று தொடங்கினார். அய்யா கண்ணைத் திறக்கும்போது வந்தவர் முகம் தெளிந்திருக்கும். கும்பிடுவார். அய்யாவும் கும்பிடுவார். யாருக்கும் நஷ்டமில்லை.

அய்யாவின் பதில்கள் எல்லாம் புரொபசருக்கு மனப்பாடம். அதிலும் ஒன்று எல்லோருக்கும் பிடித்தது: 'விட்டுவிடுங்கள்.' கோபமா, விட்டுவிடுங்கள். பொறாமையா, விட்டுவிடுங்கள். காதல் தோல்வியா, அதற்கும் அதுதான். ஒரு வெளிநாட்டுப் பெண் அதைத் தமிழிலேயே எழுதி வாங்கிப்போய் முதுகில் பச்சை குத்திக்கொண்டாள். படம் அனுப்பியிருந்தாள். எழுத்துப்பிழை இல்லாமல் இருந்தது.

அன்று மத்தியானம் ஒரு கார் வந்து நின்றது. இறங்கிய அம்மாளைப் புரொபசருக்குத் தெரியும். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துக்காரர், பெயர் பிரேமிளா. கொள்ளுத்தாத்தா காலத்தில் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன குடும்பம். முன்னோர் ஊரைப் பார்க்க வேண்டும் என்று வயதான தாயாரை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். போன வாரம் இருவரும் குடிலுக்கு வந்தார்கள். மகளுக்குத் தமிழ் வராது. தாயார் முனியம்மாளுக்குச் சின்ன வயதில் அடுப்படியில் கேட்ட தமிழ் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவர் நேராகக் கத்தரிப் பாத்திக்குப் போய், அய்யாவோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். புரொபசரை இருவரும் கூப்பிடவில்லை. அன்று அவருக்கு முகம் கொஞ்சம் தொங்கித்தான் போயிற்று.

இப்போது பிரேமிளா தனியாக வந்திருந்தார். தலை வாரியிருக்கவில்லை. கட்டியிருந்த துணி நேற்றையது என்று தெரிந்தது.

அம்மாவுக்கு மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார். நகரத்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள். செய்தால் பிழைக்கலாம், ஆனால் பேச்சு வராமல், கைகால் வராமல் படுக்கையில் கிடக்கவும் நேரலாம். செய்யாவிட்டால் உயிர் நிற்காது. பொழுது சாய்வதற்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. இந்த ஊரில் தெரிந்தவர் யாரும் இல்லை.

"அம்மாவுக்கு அய்யாவைப் பிடித்திருந்தது. நான் என்ன செய்ய வேண்டும் என்று அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்" என்றார்.

புரொபசர் ஒன்று விடாமல் அய்யாவிடம் சொன்னார். அய்யா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கண்ணை மூடினார்.

நேரம் போனது. வாசலில் கார் டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டு நிறுத்திக்கொண்டான். பிரேமிளா கடிகாரத்தைப் பார்த்தார், அய்யாவைப் பார்த்தார், பிறகு புரொபசரைப் பார்த்தார். கண்ணில் நீர் நிறைந்து நின்றது. புரொபசருக்கு நெஞ்சைப் பிசைந்தது. அதைச் சொல்லியே ஆக வேண்டும். அவர் கல்மனசுக்காரர் அல்ல. மனைவியின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரி பெஞ்சில் இதே மாதிரி உட்கார்ந்து, யாராவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று தவித்தவர்தான்.

அவரால் பொறுக்க முடியவில்லை. தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் சொன்னார்.

"விட்டுவிடுங்கள் என்கிறார் அய்யா."

பிரேமிளா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்மூடி இருந்தவரின் எதிரே தரையில் நெற்றி பட வணங்கினார். எழுந்து போனார். கார் கிளம்பிய புழுதி அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று.

புரொபசர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கஷ்டமான ஒரு வேலையைச் சரியாகச் செய்துவிட்ட நிம்மதியோடு செம்பில் இருந்த தண்ணீரைக் குடித்தார்.

அய்யா கண்ணைத் திறந்தார்.

"அந்த அம்மா எங்க?"

"போய்ட்டாங்க அய்யா. சொல்லி அனுப்பிட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"நீங்க சொல்றதைத்தான். விட்டுடச் சொல்லி."

அய்யா அவரையே பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் புரொபசருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே" என்றார் அய்யா.

செம்பு புரொபசர் கையிலிருந்து நழுவியது. அது உருண்டு போய் நிற்பதற்குள் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் சொன்ன ஒரு சொல் இப்போது காரில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அங்கே ஒரு கிழவிக்கு உயிர் இருக்கிறது. பொழுது சாய்வதற்குள் போயாக வேண்டும்.

செல்போனை எடுத்தார். பிரேமிளாவின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஆஸ்பத்திரி எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டால், 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று ஒரு பெண்குரல் சொல்லிவிட்டு வீணை வாசித்தது. மறுபடி கூப்பிட்டார். மறுபடி வீணை.

அய்யா அதற்குள் சட்டை போட்டுக்கொண்டு செருப்பு மாட்டியிருந்தார்.

"வாங்க, பஸ்ஸைப் பிடிப்போம்."

நல்லவேளையாக மலையிலிருந்து இறங்கும் பஸ் வந்துகொண்டிருந்தது. கெட்டவேளையாக அது ஒவ்வொரு புளியமரத்தடியிலும் நின்றது. ஓரிடத்தில் பலாப்பழம் ஏற்றினார்கள். ஓரிடத்தில் கண்டக்டர் இறங்கிப்போய் யாருக்கோ மாத்திரை கொடுத்துவிட்டு வந்தார். புரொபசர் ஜன்னல் வழியாகச் சூரியனைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் கெட்டால் தன்னோடு போயிற்று. தன் வாயால் இன்னொருத்தி கெடப்போகிறாளே.

"அய்யா, நீங்க என்ன சொல்ல இருந்தீங்க?" என்று கேட்டார்.

"தெரியல. யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

"வழக்கமா விட்டுடுங்கன்னுதானே சொல்வீங்க?"

"எப்ப சொன்னேன்?"

புரொபசர் நினைவுபடுத்தினார். தான் வந்த புதிதில் ஒரு ஜெர்மன்காரர் வந்திருந்ததையும், வளர்ந்த மகள் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறாள் என்று அவர் அழுததையும், அதற்கு அய்யா சொன்ன பதிலையும் சொன்னார்.

"அது அவருக்குச் சொன்னது" என்றார் அய்யா. "அவர் அந்தப் பொண்ணு கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாரு. அதனால விடச் சொன்னேன்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் யாருக்கும் சொன்னதா ஞாபகம் இல்ல."

புரொபசர் மனதுக்குள் எண்ணத் தொடங்கினார். முதுகில் பச்சை குத்திக்கொண்ட பெண் வரை வந்து, அதற்கு மேல் எண்ணத் தைரியமில்லாமல் நிறுத்திக்கொண்டார். ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை ஊருக்கெல்லாம் மாட்டிவிட்டிருக்கிறார்.

ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. கேட் மூடியிருந்தது. ரயில் வருகிற சத்தமே இல்லை. முன்னால் ஒரு கரும்பு லாரி, அதற்கு முன்னால் ஒரு டிராக்டர். வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. புரொபசர் எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து டிரைவரிடம் போய் வேறு வழி இருக்கிறதா என்று கேட்டார். "பறந்து போனா உண்டு" என்றார் டிரைவர்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவருக்குக் குரல் உடைந்தது.

"அன்னைக்கு அந்தப் பெரியம்மா உங்ககிட்ட அவ்வளவு நேரம் பேசினாங்களே. ஏதாவது சொன்னாங்களா? உயிரைப் பத்தி, சாவைப் பத்தி? அதையாவது மகள்கிட்ட சொல்லலாமே."

அய்யா யோசித்தார்.

"கத்தரிக்காய்ல புழு வந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டாங்க. அவங்க பாட்டி சாம்பல் தூவுவாங்களாம். நான் வேப்பங்கொட்டை கரைச்சு அடிப்பேன்னு சொன்னேன். நல்லா சிரிச்சாங்க."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. அதைத்தான் கண்ணை மூடித் தேடிக்கிட்டு இருந்தேன். அதுல இதுக்குப் பதில் இல்ல."

ரயில் வந்தது. அது சரக்கு ரயில். முடிவே இல்லாமல் போனது.

பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோ பிடித்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. புரொபசர் அந்த வயதில் படியேறிய வேகத்தைப் பார்த்துக் காவலாளி அவரை நோயாளி என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டான். அவனை விலக்கிவிட்டு ஓடினார்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே, சுவரோரமாகப் போட்டிருந்த நாற்காலியில் பிரேமிளா உட்கார்ந்திருந்தார். மடியில் தாயாரின் கண்ணாடியும் வளையல்களும் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தன. முகம் வெறிச்சென்று இருந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டாராம். டாக்டர் வேறொரு ஆபரேஷனில் இருக்கிறார், வந்ததும் கையெழுத்து வாங்கிக்கொள்வார்.

அவர்களைப் பார்த்ததும் பிரேமிளா எழுந்தார். இவ்வளவு தூரம் ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கை கூப்பினார். அந்தக் கும்பிடு புரொபசரைச் சுட்டது.

அவர் பேசத் தொடங்கினார். மௌனம் என்பதைப் பற்றி, மொழிபெயர்ப்பாளனின் சுமையைப் பற்றி, தன் மனைவியைப் பற்றி. ஆங்கிலம் தங்குதடையில்லாமல் வந்தது. பிரேமிளாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அய்யாவுக்கு மொழி விளங்காவிட்டாலும் நீளம் விளங்கியது.

"புரொபசர்" என்றார். "ஒரே வரியில சொல்லுங்க."

புரொபசர் நிறுத்தினார்.

"விட்டுவிடுங்கள் என்று அய்யா சொல்லவில்லை. அது நான் சொன்னது."

பிரேமிளாவின் கைப்பை கீழே விழுந்தது. எடுக்கவில்லை. அவர் சத்தம் போடவில்லை. புரொபசரை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரே ஒரு ஆங்கிலச் சொல் சொன்னார்.

"ப்ரிசம்ப்சுவஸ்."

அந்தச் சொல்லைப் புரொபசருக்கு நன்றாகத் தெரியும். வருஷா வருஷம் வகுப்பில் நடத்தியிருக்கிறார். இது கெட்டவனுக்கான சொல் இல்லை, பிள்ளைகளே, என்பார். கல்யாண வீட்டுக்கு வந்த ஒருவன், மாப்பிள்ளைக்குப் போட்டிருக்கும் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டால், அவனைத் திருடன் என்று சொல்ல மாட்டோம். அவன் எதையும் எடுக்கவில்லை. தனக்கு இல்லாத இடத்தைத் தனக்கு என்று நினைத்துக்கொண்டான், அவ்வளவுதான். அப்படிப்பட்டவனுக்கு இந்தச் சொல் பொருந்தும். இதை வாக்கியத்தில் அமைத்துக் காட்டுக. பிள்ளைகள் எழுதுவார்கள். அவர் சிவப்பு மையில் சரி போடுவார்.

யாரும் அந்தச் சொல்லை அவரைப் பார்த்துச் சொன்னதில்லை. இத்தனை வருஷம் அவர் நடத்தியது வெறும் எழுத்து என்று அப்போது தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

பிரேமிளா அய்யா பக்கம் திரும்பினார்.

"அப்படியானால் அவர் என்ன சொல்கிறார்?"

புரொபசர் அய்யாவிடம் அதைக் கேட்டார். கேட்டுவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டார்.

அய்யா இந்த முறை கண்ணை மூடவில்லை. பிரேமிளாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஏதோ ஒரு கருவி விட்டுவிட்டுக் கூவியது. ஒரு நர்ஸ் கதவைத் திறந்து, டாக்டர் இப்போது வந்துவிடுவார் என்று சொல்லிவிட்டுப் போனார். புரொபசருக்கு நெற்றியில் வியர்த்தது. சொல்லுங்கள் அய்யா, சொல்லுங்கள் என்று உள்ளுக்குள் கெஞ்சினார். எதையாவது.

"எனக்குத் தெரியலம்மா" என்றார் அய்யா.

புரொபசருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதை எப்படிச் சொல்வது? இவ்வளவு தூரம் ஓடி வந்து, சாகக் கிடக்கும் தாயின் மகளிடம் இதைச் சொல்வதா? இதற்கு ஒரு விளக்கம் கொடுக்கலாம். அறியாமையே அறிவின் வாசல் என்று ஒரு வரி நாக்கின் நுனியில் வந்து நின்றது. அதை அங்கேயே விழுங்கினார்.

"தனக்குத் தெரியவில்லை என்கிறார்" என்றார் ஆங்கிலத்தில். அவ்வளவுதான்.

பிரேமிளா ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக, வாய்விட்டு அழுதார். என்ன செய்ய வேண்டும் என்று டாக்டருக்குத் தெரிந்திருந்தது, போனில் பேசிய உறவுக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது, லாட்ஜ் மேனேஜருக்குக்கூடத் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும்தான் தெரியவில்லை என்று நினைத்திருந்தேன் என்றார் அழுகைக்கு நடுவே. புரொபசர் அதை அய்யாவுக்குச் சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அய்யா கீழே கிடந்த கைப்பையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"அம்மாவைக் கேட்டீங்களா?"

அவருக்குக் காது கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றார் பிரேமிளா.

"டாக்டர் சொன்னது இருக்கட்டும். நீங்க கேட்டீங்களா?"

கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை.

பிரேமிளா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கதவு வரை போய்த் திரும்பி வந்தார். தயங்கியபடி புரொபசரிடம் ஒன்று கேட்டார். அம்மா அவருடைய அம்மாவிடம் தமிழில்தான் பேசுவார், நானும் தமிழில் கேட்க வேண்டும், எப்படிக் கேட்பது?

புரொபசர் கொஞ்சம் யோசித்தார்.

"அம்மா, நான் என்ன செய்யட்டும்?"

பிரேமிளா அதைச் சொல்லிப் பார்த்தார். 'செய்யட்டும்' வாயில் புரளவில்லை. மறுபடி சொன்னார். இவர் திருத்தினார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஐம்பது வயது அம்மாளும் ஒரு தாடிக்காரரும் நின்றுகொண்டு, அம்மா நான் என்ன செய்யட்டும், அம்மா நான் என்ன செய்யட்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்ததை, மருந்துத் தள்ளுவண்டியோடு வந்த ஆள் நின்று பார்த்துவிட்டுப் போனான். சரியாக வந்ததும் பிரேமிளா உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது.

டாக்டர் வந்தார். கையில் படிவத்தோடு நர்ஸும் வந்தார். உள்ளே இருக்கிறார், கொஞ்சம் பொறுங்கள் என்றார் புரொபசர். எவ்வளவு நேரம் என்று டாக்டர் கேட்டார். அது எனக்குத் தெரியாது என்று சொன்னபோது புரொபசருக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

கதவு திறந்தது.

பிரேமிளாவின் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. தாயார் கண் திறந்தாரா, விரலை அசைத்தாரா, அல்லது ஒன்றுமே இல்லையா? புரொபசர் ஒரு அடி முன்னால் வந்தார். கேட்டுவிடலாம். கேட்க உரிமை இருக்கிறதோ இல்லையோ, ஆசை இருந்தது. பிரேமிளா அவரைப் பார்த்தார். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

"ஆபரேஷன் செய்யுங்கள்" என்று டாக்டரிடம் சொன்னார் பிரேமிளா. கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். அய்யா வெளியே போய் இட்லிப் பொட்டலம் வாங்கி வந்தார். பிரேமிளா ஒரு விள்ளல் தின்றார், பிறகு முழுதும் தின்றார். புரொபசருக்கு இறங்கவில்லை. ஆபரேஷன் அறையின் மேலே எரிந்த சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் சொல்லைக் கேட்டிருந்தால் அந்த விளக்கு எரிந்திருக்காது. அது எரிந்து என்ன ஆகப்போகிறது என்றும் அவருக்குத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து அவரைப் போட்டு அரைத்தன.

விளக்கு அணைந்தது. டாக்டர் முகமூடியை இறக்கிக்கொண்டு வந்து பிரேமிளாவிடம் ஆங்கிலத்தில் பேசினார். பிரேமிளா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன சொல்றாரு?" என்று அய்யா கேட்டார்.

"உயிர் இருக்காம் அய்யா. பேச்சு வருமா, கை கால் வருமான்னு கேட்டா, தெரியாதுங்கிறாரு."

"அவரும் அதைத்தான் சொல்றாரா" என்றார் அய்யா.

தாயாரைப் பார்க்கப் பிரேமிளாவை உள்ளே அழைத்துக்கொண்டார்கள். போகும்போது அவர் அய்யாவைக் கும்பிட்டார். புரொபசரையும் கும்பிட்டாரா, இல்லை அந்தப் பக்கம் பார்த்தது மட்டும்தானா என்று அவருக்கு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு டீக்கடை. இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"அந்த அம்மா உங்களை இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை சொன்னாங்களே" என்றார் அய்யா.

"ஆமாம் அய்யா."

அய்யா அதோடு நிறுத்திக்கொண்டார்.

புரொபசருக்குத் தெரியும், அதற்கு என்ன அர்த்தம் என்றுதான் கேட்கப்போகிறார். பதில் தயாராக இருந்தது. அதிகப்பிரசங்கித்தனம் என்று சொல்லலாம், முந்திரிக்கொட்டைத்தனம் என்று சொல்லலாம், இரண்டுமே முழுதாகப் பொருந்தாது என்றும் சொல்லலாம். கல்யாண வீட்டு நாற்காலி உதாரணம் இருக்கிறது. வாயைத் திறந்தார்.

மூடிக்கொண்டார்.

அய்யா டீயை உறிஞ்சினார். சாலையில் ஒரு லாரி போனது. புரொபசரின் டீயில் ஆடை படிந்தது. நேரம் போகப் போக, அய்யா கேட்க வந்தது அதுதானா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. பிறகு சந்தேகம்கூட இல்லை. அய்யா என்ன சொல்லப்போகிறார் என்று அவருக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது. காத்திருந்தார்.

அய்யா காலி கிளாஸைப் பெஞ்சில் வைத்தார்.

"அந்த வார்த்தை எனக்கும் சேர்த்துத்தான்" என்றார். "இத்தனை வருஷமா என் பேரைச் சொல்லி நீங்க என்ன சொல்றீங்கன்னு நான் ஒருநாளும் கேட்டதில்ல."